கண் திறந்த படம்

ஆள் இல்லாத அறையில் கேமரா ஒரு முகத்தைக் கண்டுபிடித்துக் கட்டம் போட்டது.

ஜெயப்பிரகாஷ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வருகிற கேமராக்களின் புத்தி அது. முகம் மாதிரி எதைப் பார்த்தாலும் திரையில் அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் போட்டு, இதோ ஆள், இவரைத் தெளிவாக எடு என்று சொல்லும். முகம் கிட்டத்தில் இருந்தால் கட்டம் பெரிதாகும். கண் தெரிந்தால் கண்ணுக்கென்று தனியாக ஒரு குட்டிக் கட்டம் விழும். செந்துறையில் அவன் எடுத்த ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணை விட்டுவிட்டு ஆரத்தித் தட்டுக்குக் கட்டம் போட்ட கேமராதான் இது. எதிர்ச் சுவரில் காரை பெயர்ந்து கிடந்தது, அதில் ஏதோ ஒரு கறை இதற்கு முகமாகத் தெரிந்திருக்கும். பட்டனை அழுத்திவிட்டு அடுத்த மூலைக்குத் திருப்பினான். கட்டம் அங்கேயும் வந்தது. கறை சுவரோடு இருக்கும், கேமராவோடு சேர்ந்து திரும்பாது என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனான்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் பாதி வழியில் பிரிந்து, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு கப்பி ரோடு போகிறது. அதன் கடைசியில் இருந்தது அந்த மனநல ஆஸ்பத்திரி. ஒரு டிரஸ்ட் நடத்தி, நடத்த முடியாமல் போட்டுவிட்டுப் போனது. சீமைக்கருவை ஜன்னல் வழியாக உள்ளே கை நீட்டியிருந்தது. தூரத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் புழுதி எப்போதோ வந்து படிந்து, கட்டில்களின் இரும்புச் சட்டம், தரை, வாஷ்பேசின் எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கியிருந்தது. வவ்வால் எச்சத்தின் கார நெடிக்கு அடியில், இத்தனை வருஷம் கழித்தும், பினாயில் வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. வெளியே பங்குனி வெயில் காய்ந்தது. உள்ளே நடைவழியில் பகலிலும் மண்பானைக்குள் இருக்கிற மாதிரி ஒரு குளிர்ச்சி இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. எல்லாச் சுவரிலும் நெஞ்சுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, கறுப்பாக ஒரு கோடு. பெயின்ட் அடித்த கோடு அல்ல. பிசுக்கு ஏறி, வழவழத்து, அறைக்குள் நுழைந்து சுற்றி வந்து மறுபடி நடைவழிக்குப் போகிற கோடு. வாசல் வந்தால் நிற்கும், வாசலுக்கு மறுபக்கம் மறுபடி தொடங்கும். கட்டில் உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவன் அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

கட்டடத்தை இடிக்கப்போகிற கான்ட்ராக்டர் அன்பழகன் கேட்டது இவ்வளவுதான்: இடிக்கும் முன்னால் ஒவ்வோர் அறையையும் நாலு மூலையிலிருந்தும் எடுத்துத் தரவேண்டும், ஆள் யாரும் படத்தில் வரக்கூடாது. வேறு ஸ்டுடியோக்காரர்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெயப்பிரகாஷ் மட்டும் வாய் திறந்து கேட்பதற்குள் சரி என்றான். ஏன் என்று அவன் மனைவி கலைமணிக்கு மட்டும்தான் தெரியும். அவனுடைய அம்மா கொளஞ்சியம்மாளைக் கொண்டுவந்து விட்ட இடம் இது.

அவனுக்கு அப்போது ஏழு வயது. தங்கை ஆர்த்தி பிறந்த கொஞ்ச நாளில் அம்மா தூங்குவதை நிறுத்திவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து சுவரிடம் பேசினாள். குழந்தையைத் தூக்கச் சொன்னால் யார் குழந்தை என்றாள். ஒரு நாள் காலையில் அப்பா அவளுக்குத் தலைசீவிப் பூ வைத்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார், சாயந்திரம் தனியாக வந்தார். அதற்கப்புறம் வந்த ஒரு மழைக்காலத்தில் தபாலில் ஒரு போட்டோ வந்தது. பின்னால் ஆஸ்பத்திரி முத்திரை. முன்னால் அம்மா, கைவைத்த மர நாற்காலியில், தலை லேசாகச் சாய்ந்து, கண் மூடி.

அந்தப் பக்கத்து ஊர்களில் அப்படி ஒரு படத்துக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. செத்தவர்களைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் பாடை கட்டுவார்கள். அப்பா படத்தைப் பார்த்தார். தெருவிலேயே உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். யாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கவில்லை. கேட்கப் போனால் உடம்பைக் கொண்டுவர வேண்டியிருக்கும், கொண்டுவந்தால் எங்கே இருந்தாள் என்று ஊருக்குத் தெரியும், அப்புறம் ஆர்த்தியை எவன் கட்டுவான். காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லி, மொட்டை போட்டு, கருமாதி செய்து முடித்தார்கள்.

அந்தப் படத்துக்குக் கண் திறந்தவன் ஜெயப்பிரகாஷ்தான். சாவு வீட்டில் எடுத்த படத்தைக் கருமாதிக்குள் கண் திறந்த படமாக மாற்றிக் கொடுப்பது ஸ்டுடியோக்காரர்களுக்கு வாடிக்கையான வேலை. எவனோ ஒருவனின் கண்ணை வெட்டி ஒட்டினால் முகமே மாறிவிடும். பெற்ற பிள்ளையின் கண்ணை எடுத்து வைத்தால் அச்சாகப் பொருந்தும். இது அவனே கண்டுபிடித்த சூட்சுமம், அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் வீரமணிக்கும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஆர்த்தி கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது சுவரில் அம்மா படம் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று, தன் கண்ணைக் கிட்டத்தில் படமெடுத்து அம்மாவுக்கு வைத்தான். அவனுடைய இடது கண்ணின் வெள்ளையில் எள் மாதிரி ஒரு பழுப்புப் புள்ளி உண்டு. அதை அழிக்க மனம் வரவில்லை. தன்னைப் படமெடுக்கவே விடாதவன் அவன். அவனுடைய கண் இருக்கிற ஒரே படம் அதுதான்.

இப்போது ஆர்த்திக்குக் குழந்தை பிறந்து, அவளும் தூங்குவதை நிறுத்திவிட்டாள்.

கடைக்குப் பின்னாலேயே இருக்கிற அவன் வீட்டுக் கூடத்தில், அந்தப் படத்துக்குக் கீழேதான் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிறாள். பெரம்பலூரில் காட்டிய டாக்டர், பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி வரும், மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள், சில மாதத்தில் சரியாகிவிடும் என்றுதான் சொன்னார். அந்தச் சில மாதம் பொறுக்க அவள் புருஷன் வேல்முருகன் வீட்டாருக்கு ஆகவில்லை. ஆர்த்தி வேறு ஏதாவது பேசினாலும் பரவாயில்லை. படத்தை நிமிர்ந்து பார்த்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா சாகலண்ணே. அங்கதான் உக்காந்திருக்கு."

இன்றைக்குச் சாயந்திரம் வேல்முருகன் கார் கொண்டுவருகிறான், திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு காப்பகத்தில் அவளை விட. நான் திரும்பி வருகிற வரைக்கும் அவளை யாரும் வண்டியில் ஏற்றக்கூடாது என்று ஜெயப்பிரகாஷ் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அம்மாவைப் புதைத்த இடம் தெரிந்து, ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய் ஆர்த்தியின் கையில் வைத்துவிட்டால், அம்மா செத்தது செத்ததுதான் என்று அவள் மனது ஒத்துக்கொள்ளும். வேல்முருகனையும் பேசி அனுப்பிவிடலாம். அம்மாவை விட்ட மாதிரி இவளை விடக்கூடாது. இத்தனை வயதில் அவன் வேண்டிக்கொண்டதெல்லாம் அது ஒன்றுதான்.

கடைசி வார்டை எடுத்துக்கொண்டிருந்தபோது கலைமணி கூப்பிட்டாள். அவன் எடுக்க எடுக்கப் படங்கள் அவன் போன் வழியாகக் கடை கம்ப்யூட்டருக்கும் கலைமணியின் போனுக்கும் போய்விடும். கல்யாணங்களில் அவன் மண்டபத்தில் நிற்கும்போதே அவள் கடையில் உட்கார்ந்து தரம் பிரித்துவிடுவாள். அப்படிப் பழகிய பழக்கம்.

"என்னங்க, அந்த ஆயாவ வெளிய நிக்கச் சொல்லுங்க. எல்லா படத்துலயும் வருது."

சாவி வைத்திருக்கும் சம்பூர்ணம் ஆயா வேப்பமரத்தடியில் ஆடுகளோடு இருந்தாள். அவள் உள்ளே கால் வைக்கவே இல்லை. அவன் எடுத்த படத்தைத் திரும்பக் கொண்டுவந்து சின்னத் திரையில் பார்த்தான். கட்டில்கள். ஜன்னல். வெள்ளைப் புழுதி. வேறொன்றும் தெரியவில்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். மவுஸ் உருட்டும் சத்தம் கேட்டது.

"வயசானவங்க இல்லைங்க இது. செவுத்துல கைய வச்சிக்கிட்டு நிக்குது. மொதல்ல தூரத்துல நின்னுச்சு, இப்ப கிட்ட இருக்கு." பிறகு, குரலைத் தாழ்த்தி, "கண்ண மூடிருக்குங்க," என்றாள்.

சிக்னல் போய்விட்டது. அவன் நடைவழியில் நின்றான். காதில் வவ்வால்கள் அசையும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம், அரிசி புடைக்கிற முறத்தில் கை உரசுகிற மாதிரி, சர்ர்ரென்று நீளமாக, கொஞ்சம் நின்று, மறுபடி சர்ர்ரென்று. காற்றில் கருவை மரம் சுவரில் தேய்கிறது என்று சொல்லிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே ஓர் இலைகூட ஆடவில்லை. கால்கள் அவனைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டன.

சம்பூர்ணம் வெற்றிலையை மடித்துக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து மூடிய நாள் வரை அங்கே வேலை பார்த்தவள். முகம் ஏன் வெளுத்துக் கிடக்கிறது என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, எதேச்சையாகக் கேட்பது போல, இங்கே செத்தவர்களை எங்கே புதைப்பார்கள் என்று கேட்டான். பின்பக்க மேட்டைக் காட்டினாள். யாரைத் தேடுகிறாய் என்றாள். கொளஞ்சியம்மாள் என்ற பெயரைச் சொன்னான். வெற்றிலை மடித்த கை அப்படியே நின்றது.

"அவ அங்க இல்ல தம்பி. நீ யாரு அவளுக்கு?"

"தூரத்துச் சொந்தம்," என்றான் ஜெயப்பிரகாஷ். பழகிய வாய் அப்படித்தான் சொல்லும்.

செத்துப்போனதாகத்தானே வீட்டுக்குப் படம் வந்தது, நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம், அதை நான் பார்த்திருக்கிறேன் என்றான். சம்பூர்ணத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

"அதா? அது வருசத்துக்கு ஒருதரம் எல்லாருக்கும் எடுக்கறது. புள்ள நல்லாருக்குன்னு வூட்டுக்குக் காட்ட. சும்மா உக்காரச் சொன்னா யாரு உக்காருவா? பாதி பேரு கேமராவப் பாத்தா கத்தும். அதனால ஊசியப் போட்டு, தூங்குனதும் தூக்கியாந்து சேர்ல சாச்சு எடுப்பாங்க."

"கண்ணு மூடியிருந்துச்சே ஆயா."

"தூங்குனா மூடித்தான தம்பி இருக்கும்."

ஆடு ஒன்று அவன் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. சம்பூர்ணம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொளஞ்சி நன்றாகத்தான் தேறி வந்தாளாம். சின்னது பால் குடிக்குமா, பெரியவன் பள்ளிக்கூடம் போவானா என்று கேட்டபடி வாசல் கேட்டருகே உட்கார்ந்திருப்பாளாம். ஒரு நாள் வேறு யாரையோ பார்க்க வந்த, அவள் குடும்பத்தைத் தெரிந்த செந்துறைக்காரர் ஒருவர் அவளை அடையாளம் கண்டு, உனக்குத்தான் கருமாதியே பண்ணிவிட்டார்களே அம்மா என்று சொல்லிவிட்டாராம்.

"அன்னைக்கி மூடுனவதான். செத்தவளுக்கு எதுக்குக் கண்ணுன்னா. யாரு சொல்லியும் தொறக்கல. வருசக்கணக்கா, செவுத்தப் புடிச்சிக்கிட்டே இந்தக் கட்டடம் பூரா நடப்பா. பாத்துருப்பியே, அவ கை பட்ட கோடுதான் அது."

எப்போது செத்தாள் என்று கேட்டான். கேட்கிற குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அது எனக்குத் தெரியாது என்றாள் சம்பூர்ணம். ஆஸ்பத்திரியை மூடும்போது எல்லோரையும் வேறு இடங்களுக்கு வண்டியில் ஏற்றினார்கள். கடைசி வண்டி புறப்படும்போது எண்ணிப் பார்த்தால் கொளஞ்சி இல்லை. காடெல்லாம் தேடினார்கள், கிணற்றில் ஆள் இறக்கிப் பார்த்தார்கள். கிடைக்கவே இல்லை. புதைத்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் போகத்தான் வந்தேன் என்றான் அவன். படம் எடுக்கிற ரூமில்தான் எப்போதும் போய் உட்காருவாள், மண் எடுக்க வேண்டுமென்றால் அங்கே எடுத்துக்கொள் என்றாள். பிறகு வெயில் சாய்ந்துவிட்டதைப் பார்த்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். சாவியைக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவனும் அப்போதே கிளம்பியிருக்கலாம். வண்டி கேட்டுக்கு வெளியேதான் நின்றது. ஆனால் வெறுங்கையோடு போய் ஆர்த்தியிடம் என்ன சொல்வது? அவள் சொன்னதுதானே சரி. அம்மா சாகவில்லை. அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பைத்தியம் என்று அவர்கள் சொன்னவள் மட்டும்தான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பிடி மண், அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனான்.

படம் எடுக்கிற ரூம் நடைவழியின் கோடியில் இருந்தது. கதவு இல்லை. எதிர்ச் சுவரில் ஆணியடித்துக் கட்டிய பச்சைத் துணி நைந்து கிழிந்து தொங்கியது. அதற்கு முன்னால், கட்டடத்தில் மற்றதெல்லாம் களவு போயும் இது மட்டும் போகாமல், கைவைத்த மர நாற்காலி. இடது கைப்பிடியின் நுனி உடைந்திருந்தது. வீட்டுச் சுவரில் இருக்கும் படத்திலும் அது உடைந்துதான் இருக்கிறது. கண் திறந்து கொடுக்கும்போது அதையும் சரிசெய்யலாமா என்று அவன் யோசித்திருக்கிறான். சுவரில் வந்த கறுப்புக் கோடு அறையைச் சுற்றி வந்து நாற்காலிக்குப் பின்னால் முடிந்தது. எங்கும் வெள்ளைப் புழுதி படிந்திருந்தது. நாற்காலியில் மட்டும் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

குனிந்து நாற்காலிக் காலடியில் இருந்து ஒரு பிடி புழுதி மண்ணைக் கர்ச்சீப்பில் அள்ளி முடிந்தான். போய்விடு என்று உடம்பு சொன்னது. ஆனால் அறையை எடுக்காமல் போனால் அன்பழகன் நாளைக்கு மறுபடி வரச் சொல்வான், மறுபடி இங்கே வரவே முடியாது என்று தோன்றியது. வாசலுக்கு வந்து ஸ்டாண்டை விரித்து, கேமராவை மாட்டி, திரையைப் பார்த்தான்.

நாற்காலியின் சாய்மானத்துக்கு மேலே, உட்கார்ந்தவர்களின் முகம் வருகிற உயரத்தில், கட்டம்.

பெரிய கட்டம். அசையாத கட்டம். கண்ணுக்கென்று விழும் குட்டிக் கட்டம் அதில் இல்லை.

தலையைத் தூக்கி நேராகப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது. பச்சைத் துணியின் ஒரு கிழிசல் மட்டும் மூச்சு படுகிற மாதிரி அசைந்தது. திரையைப் பார்த்தான். கட்டம் இருந்தது. பயத்துக்கு நடுவிலும், அந்தப் பயத்தைவிடப் பெரிதாக ஒரு வெட்கம் அவனுக்குள் வந்தது. தூரத்துச் சொந்தம் என்று சொன்ன வாய் கசந்தது. அழுகை வந்தது.

"அம்மா," என்றான். "நாந்தாம்மா."

கட்டத்துக்குள் குட்டியாக ஒரு கட்டம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

கண் திறந்துவிட்டது.

பழக்கத்தில் விரல் போய்த் திரையைப் பெரிதாக்கியது. இருட்டு. மணல் மணலாகப் புள்ளிகள். அதற்கு நடுவே ஈரமாக மின்னிக்கொண்டு ஒரு கண். வெள்ளையில் எள் மாதிரி ஒரு பழுப்புப் புள்ளி. அந்தக் கண்ணை அவனுக்குத் தெரியும். இமையோரத்தில் ஒரு முடி கோணலாக இருக்கும், அதைக்கூடத் தெரியும். அவன் எத்தனையோ நேரம் உட்கார்ந்து பொருத்திய கண்.

அவனுடைய கண்.

திரையில் கட்டம் எழுந்தது.

மேலே ஏறியது. ஓரத்துக்கு நகர்ந்தது. பெரிதானது. இந்த முறை சுவரை உரசும் சத்தம் இல்லை. சுவரைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. வெறுங்கால் சிமெண்டில் வைக்கிற சத்தம். நேராக. தடுமாறாமல். திரை முழுவதும் மஞ்சள் கட்டம். பிறகு கேமராவைத் தாண்டிவிட்டது போல, ஒன்றும் இல்லை.

வாசல் பக்கம் சுண்ணாம்பு வாசனை அடித்தது. அவன் கேமராவைச் சுற்றி அறைக்குள் பின்வாங்கினான். கேமரா அவனுக்கும் வாசலுக்கும் நடுவே நின்றது. கேமராவுக்குப் பின்னால், ஆள் நிற்கிற இடத்தில், ஆள் இல்லை. இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தான். முழங்காலின் பின்பக்கம் மரம் இடித்தது. உட்கார்ந்துவிட்டான்.

எழுந்திருக்க வேண்டும். கால் கேட்கவில்லை.

கட்டைவிரலும் நடுவிரலும் அவன் நெற்றியில் பட்டன. காய்ந்த விரல்கள். உரசி உரசி ரேகை தேய்ந்த விரல்கள். செத்தவர்களுக்குச் செய்வது போல, மெதுவாக, பாசமாக, இரண்டு இமைகளையும் கீழே இழுத்து மூடின. தலையை லேசாகச் சாய்த்து வைத்தன.

கேமரா ஒரு தரம் சத்தம் போட்டது. சட்டைப்பையில் இருந்த போன் சின்னதாக அதிர்ந்தது. படம் கடைக்குப் போய்விட்டது.

அவன் கண்ணைத் திறக்கப் பார்த்தான். முடியவில்லை. கையைத் தூக்கப் பார்த்தான். கத்தப் பார்த்தான். மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. வெறுங்கால் சத்தம் நடைவழியில் அவசரமில்லாமல் நடந்து, படியிறங்கி, கேட்டைக் கடந்து போவதைக் கேட்டான்.

இருட்டு கொஞ்ச நேரம் இருட்டாகவே இருந்தது. பிறகு வெளுத்தது. பார்வை வந்தது. ஆனால் அது அந்த அறை அல்ல.

அவன் வீட்டுக் கூடம். உயரத்திலிருந்து தெரிந்தது. ஃபேனின் மேல்பக்கத்து அழுக்கு, டி.வி. ஸ்டாண்டு, தொட்டில். பார்வையின் மேல் ஓரத்தில் மங்கலாக ஒரு பிளாஸ்டிக் மாலை. அம்மாவின் படத்தை எந்த ஆணியில் மாட்டினானோ, அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கீழே, தலையை நிமிர்த்தி, ஆர்த்தி. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைப்பக்கக் கதவிலிருந்து கலைமணி ஓடிவந்தாள். கையில் போன். திரையில் அவன், நாற்காலியில், தலை சாய்ந்து, கண் மூடி. அவள் வாயில் வந்த சத்தத்தை அவன் இதுவரை கேட்டதில்லை. தெருவே உள்ளே வந்தது. காரோடு வந்து காத்திருந்த வேல்முருகன் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். யாரோ அவனுடைய நம்பருக்குப் போட்டார்கள். காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைக் கூடத்தில் பார்த்தான். ரிங் அடிப்பதை, எங்கேயோ இருட்டில், தன் சட்டைப்பையில் கேட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை என்றார்கள். கலைமணி அப்படியே தரையில் சரிந்தாள்.

வண்டி எடுத்துக்கொண்டு நாலைந்து ஆண்கள் கிளம்பினார்கள். போய்க் குளிப்பாட்டித்தான் கொண்டுவர வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனார்.

ஆர்த்தி மட்டும் அழவில்லை.

"அண்ணன் சாகல," என்றாள். "அங்கதான் உக்காந்திருக்கு."

பிறகு வேல்முருகன், எல்லோரிடமும் நியாயம் கேட்கிறவன் போல, "பாத்தீங்களாக்கா, அம்மாவுக்குச் சொன்னதையே சொல்லுது. இந்தச் சாவு வூட்டுல வச்சி யாரு பாக்கறது?" என்றான். கலைமணி சரிந்த இடத்திலேயே கிடந்தாள். பெண்கள் தொட்டிலில் இருந்த குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஆர்த்தியின் கையைப் பிடித்து எழுப்பினார்கள். அவள் முரண்டு பண்ணவில்லை. வாசல்வரைக்கும் திரும்பித் திரும்பிப் படத்தையே பார்த்துக்கொண்டு போனாள். கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எத்தனை கத்தினாலும் படத்தின் வாய் அசையாது என்பது அவனுக்கு அப்போது தெரிந்தது. அந்த வாயைச் சிரித்த மாதிரி ஆக்கியவனும் அவன்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீரமணி வந்தான். உடம்பு வந்து சேர்வதற்குள் தெருமுக்கில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டிவிட வேண்டும், அதுதான் வழக்கம். அண்ணன் படம் ஒன்று கொடுங்கள் என்று கேட்டான். தேடினார்கள். ஊரையே எடுத்தவனுக்கு ஒரு படம் இல்லை. கல்யாணப் படத்தில்கூடத் தாலி கட்டும் அவசரத்தில் முகம் கலங்கியிருந்தது. கடைசியில் கலைமணியின் போனில் இருந்ததையே வீரமணி தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில்காரனாக அதைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"கண்ணு ஒண்ணுதான் மூடிருக்கு. பெத்த புள்ளையோட கண்ணு வச்சாத்தான் பொருந்தும்னு அண்ணன் சொல்லும்," என்றான். "பூவிழி எங்க?"

ஏழு வயது மகளை யாரோ கூட்டத்திலிருந்து முன்னால் தள்ளிவிட்டார்கள். பள்ளிக்கூட உடுப்புகூட மாற்றாமல் இருந்தாள். வெளிச்சம் சுவர்ப்பக்கம் நன்றாக இருக்கிறது என்று வீரமணி அவளைத் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து படத்துக்கு நேர் கீழே நிறுத்தினான். மேலேயிருந்து அவனுக்கு அவள் வகிடும், காலையில் அவனே கோணலாகக் கட்டிவிட்ட ரிப்பனும் மட்டும் தெரிந்தன. அம்மாவுக்குக் கண் வைத்தவனுக்கு நேர்ந்ததுதான் இவளுக்கும் நேரும். பார்க்காதே, கண்ணை மூடு, மூடிக்கொள் என்று அவன் கெஞ்சினான். சிரித்த வாய் சிரித்தபடி இருந்தது. தெருவில், வாசல் பக்கத்துச் சுவரோரம், யாரோ வெறுங்காலோடு வந்து நின்ற சத்தம் அழுகைக்கு நடுவே அவனுக்கு மட்டும் கேட்டது.

வீரமணி போனை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கினான்.

"சிமிட்டாம பாரு பாப்பா."

பூவிழி சிமிட்டாமல் பார்த்தாள்.